அத்தையின் பெட்டியில் சீஸ் வருமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அத்தை குடும்பம் பாரிஸில் இருக்கிறது, பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார்கள். என்ன வாங்கி வரட்டும் என்று அத்தை போனில் கேட்டதற்கு இவர் ஆசையாக கொம்த்தே சீஸும் ஃபுவா க்ராவும் (கொழுக்க வைத்த வாத்து ஈரல்) வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் இந்தியாவுல தடைடா, ஏர்போர்ட்டிலேயே எடுத்துப்பாங்க" என்று அத்தை சொல்லிவிட்டாராம். தம்பிக்கு இரண்டு சந்தேகம். நிஜமாகவே தடையா? அப்படியே தடை என்றாலும், இத்தனை காலம் பிரெஞ்சுக்காரன் இருந்த பாண்டிச்சேரியில் கூட அசல் பிரெஞ்சு சீஸ் கிடைக்காத அளவுக்கு அரசாங்கத்துக்கு அதன் மேல் என்ன கோபம்?

நான் சென்னையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பதினான்கு வருஷம் உணவுச் சரக்கு பார்த்தவன். இப்போது பாண்டியில் இரண்டு மூன்று ஓட்டல் சமையலறைகளுக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபுவா க்ரா விஷயத்தில் அத்தை சொன்னது முழுக்கச் சரி. 2014 ஜூலையில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அதன் இறக்குமதிக்கே தடை போட்டது. சீஸ் விஷயத்தில் அத்தை சொன்னது பாதி சரி. சீஸ் என்ற பண்டத்துக்கு இந்தியாவில் தடை இல்லை, வருஷம் முழுக்க இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட்டைப் போட்டுச் செய்த சீஸ்தான் வர முடியாது. ஆனால் கொம்த்தே என்று பெயர் வைக்க வேண்டுமென்றால் அந்த ரென்னெட்டைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது பிரான்சில் உள்ள விதி. அவன் விதி போடச் சொல்கிறது, நம் விதி போடக்கூடாது என்கிறது. நடுவில் கொம்த்தே மாட்டிக்கொண்டது.

இந்த ரென்னெட் என்ன சாமான் என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். நம் வீட்டில் பால் கட்டியாவது மூன்று வழியில். உறை ஊற்றினால் தயிர். எலுமிச்சை பிழிந்தால் பனீர். மாடு கன்று போட்ட இரண்டு மூன்று நாளைக்குள் கறந்து சூடு காட்டினால் சீம்பால் கட்டி. நாலாவதாக ஒன்று உண்டு, அது கன்றுக்குட்டியின் வயிற்றுக்குள்ளேயே நடப்பது. பால் மட்டும் குடிக்கிற கன்றின் நாலாவது இரைப்பையில் கைமோசின் என்று ஒரு நொதி சுரக்கிறது. பால் தண்ணியாகவே குடலுக்கு ஓடிவிடாமல் அங்கேயே கொஞ்ச நேரம் கட்டியாக நின்று செரிக்கட்டும் என்பதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதத்தில் ஒரே ஒரு இடத்தில் அது கத்தரி போடுகிறது, அவ்வளவுதான், புரதமெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பால் அப்படியே அல்வா மாதிரி நின்றுவிடும், புளிப்பே ஏறாது. எந்தக் காலத்திலோ யாரோ வெட்டின கன்றின் வயிற்றுப் பையில் பாலை ஊற்றி வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பார்கள். அந்த இரைப்பையைக் காயவைத்து உப்புநீரில் ஊறப்போட்டு எடுக்கும் சாறுதான் ரென்னெட். 100 லிட்டர் பாலுக்கு 20, 30 மில்லி இருந்தால் போதும். ஆனால் அதை எடுக்கக் கன்றை அறுக்க வேண்டும். கறந்து எடுக்கிற பொருள் இல்லை.

நம் ஊரில் பால் திரிந்தால் அபசகுனம், அப்படியே கொட்டிவிடுவோம். அவனுக்குத் திரிந்த பாலில்தான் தொழிலே. ஆனால் வடமேற்கில், சிந்து பக்கமெல்லாம், கன்றைத் தொடாமலேயே ஒரு காயைப் போட்டுப் பாலைக் கட்டியாக்கும் பழக்கம் இருந்தது. அந்தக் காய் உங்களுக்கும் தெரிந்ததுதான். சர்க்கரைக்கு ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் குடிக்க என்று நாட்டு மருந்துக் கடையில் பன்னீர்ப் பூ என்று கொடுக்கிறார்களே, அதுதான். பார்க்கப் பழுப்பாக, காய்ந்த சுண்டைக்காய் மாதிரி இருக்கும். பூ என்று பெயர், உண்மையில் அது காய். நான் ஒரு தடவை கால் கிலோ வாங்கி வந்து இடித்து, வெதுவெதுப்பான பாலில் போட்டு சீஸ் செய்து பார்த்தேன். கட்டியது என்னவோ நன்றாகத்தான் கட்டியது. கசப்பு நாக்கை விட்டுப் போக மறுநாள் ஆனது. வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பலர் இதை உணவுப் பாதுகாப்புத் துறை சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். முதல் பூட்டு அங்கே இல்லை, கால்நடைத் துறையிடம் இருக்கிறது. 1898இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கால்நடை இறக்குமதிச் சட்டம் ஒன்று உண்டு. நோய் பிடித்த மாடு, குதிரை கப்பலில் வந்து இறங்கக்கூடாது என்பதற்காகப் போட்டது. 2001இல் அதில் ஒரு பிரிவைச் சேர்த்து கால்நடையோடு கால்நடை, கோழியிலிருந்து வரும் பொருளையும், அதாவது இறைச்சி, பால், முட்டை, இவை கலந்த எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதிலிருந்து சீஸ் இறக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சுகாதார இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசுக் கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் சரக்கோடு வர வேண்டும். அந்தச் சான்றிதழில்தான் இரண்டு வரி இருக்கிறது. ஒன்று, இதில் விலங்கு ரென்னெட் இல்லை. இன்னொன்று, இந்தப் பாலைக் கொடுத்த மாட்டுக்கு மாடு ஆடுகளின் குடல், இரத்தத் தூள், சதை இவற்றால் செய்த தீவனம் எப்போதும் கொடுத்ததில்லை. சரக்கும் நினைத்த துறைமுகத்தில் இறங்க முடியாது, கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிற ஊர்களில்தான் இறங்கும். நமக்குச் சென்னை. அந்த நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது.

இந்தப் பூட்டைத் திறந்த பிறகுதான் உணவுப் பாதுகாப்புத் துறை. அங்கே சீஸ் என்றால் என்ன என்று எழுதி வைத்திருக்கும் இலக்கணத்திலேயே விலங்கு அல்லாத ரென்னெட்டால் பாலைத் திரிய வைத்துச் செய்தது என்றுதான் இருக்கிறது. ஆகவே ஆரோவில்லில் செய்தாலும் கொடைக்கானலில் செய்தாலும் இதே விதிதான். அப்புறம் ஆயுள் கணக்கு. சரக்கு துறைமுகத்தில் கிளியர் ஆகும்போது மொத்த ஆயுளில் 60 சதவீதமாவது மிச்சம் இருக்க வேண்டும், அல்லது மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும், இரண்டில் எது குறைவோ அது. கெட்டி சீஸுக்கு இது பிரச்சினையே இல்லை. பிரீ, கமம்பேர் மாதிரி வழுவழு சீஸுக்கு மொத்த ஆயுளே சில வாரங்கள், கப்பலில் போட்டால் வரும் வழியிலேயே ஆயுள் தீர்ந்துவிடும். விமானத்தில்தான் கொண்டு வர முடியும், விமானம் என்றால் விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சரக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மீனம்பாக்கம் ஏர் கார்கோவில் இறங்கியது, மூன்று வகை சீஸ், எல்லாமே நுண்ணுயிர் ரென்னெட், அதாவது கன்றைத் தொடாமல் பூஞ்சை மாதிரி நுண்ணுயிரிலிருந்து எடுத்தது, வியாபாரி ஒழுங்கான ஆள், அனுமதியெல்லாம் கையில் இருந்தது. சான்றிதழைப் பிரித்துப் பார்த்தால் முதல் இரண்டு வகைக்கு விலங்கு ரென்னெட் இல்லை என்ற வரி இருக்கிறது, மூன்றாவதுக்கு இல்லை. அங்கே டைப் அடித்த புண்ணியவான் பக்கம் திருப்பும்போது விட்டுவிட்டான் போலிருக்கிறது. சீஸ் டப்பாவின் மேலேயே நுண்ணுயிர் ரென்னெட் என்று அச்சடித்திருக்கிறது, நான் அதை அதிகாரியிடம் காட்டுகிறேன், அவர் நல்ல மனுஷர், படித்துப் பார்த்துவிட்டு, "டப்பா பேசறதை நான் கேட்க முடியாது சார், சான்றிதழ் பேசணும்" என்றார். திருத்தின சான்றிதழ் வாங்க அங்கே எழுதினால் கோடை விடுமுறை, பதில் இல்லை. நாள் ஓட ஓட குளிர் கிடங்கு வாடகை ஏறுகிறது. கடைசியில் வாடகை சீஸ் விலையைத் தாண்டும் நிலை வந்ததும் வியாபாரியே போதும் என்றுவிட்டார். அழிக்கிற அன்று நானும் நிற்க வேண்டி வந்தது. மேலே பச்சைச் சாயம் ஊற்றினார்கள், யாரும் எடுத்து விற்றுவிடக்கூடாதாம். சக்கரம் சக்கரமாக சீஸ், அதன் மேல் பச்சைச் சாயம் வழிகிறது, பக்கத்தில் நின்ற லோடுமேன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏற்கெனவே கெட்டுப் போனதைத்தானே சார் அழிக்கிறோம்" என்றார்.

பாண்டிச்சேரிக்கு இதில் ஏதாவது சலுகை உண்டா என்றால், கிடையாது. 1954 நவம்பர் 1இல் ஊர் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் முடிந்தது. பிரெஞ்சு மொழி, பள்ளி, ஆராய்ச்சி நிறுவனம், குடியுரிமை இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. சாப்பாட்டுக்கு இல்லை. சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களில், கிறிஸ்துமஸ் ராத்திரி விருந்துக்கு யாராவது பிரான்சிலிருந்து கொண்டு வரும் ஒரு துண்டு சீஸுக்காகப் பிள்ளைகள் காத்திருந்த கதையைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். துய்மா தெருவில் வீட்டுச் சுவர் மஞ்சளாக இருந்தாலும் சுங்கச் சட்டத்துக்கு அது மீனம்பாக்கமும் மதுரையும் போல இன்னொரு இந்திய ஊர், அவ்வளவுதான்.

கடலூர்க்காரருக்கு எல்லை என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புதுச்சேரி எல்லையில், முள்ளோடையில் ஒரு மது பாட்டில் சட்டப்படி வாங்கின பொருள், ஆல்பேட்டை சோதனைச் சாவடிக்கு வந்ததும் அதே பாட்டில் வழக்கு. பாட்டில் மாறவில்லை, நின்ற இடம் மாறியது. சீஸுக்கும் இதே கதைதான், சாவடி மட்டும் மீனம்பாக்கத்தில்.

சரி, அரசாங்கத்துக்கு ஏன் இந்த அக்கறை? கேட்டால் மத உணர்வு என்று பதில் வரும். பொய் இல்லை. மரக்கறி சாப்பிடுகிறவர், தெரியாமல் கன்று வயிற்றுச் சாறு கலந்த பொருளைச் சாப்பிட்டுவிடக்கூடாது என்பது நியாயமான கவலை. நம் மக்களில் பாதிப் பேருக்கு மேல் சீஸில் இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்பதே தெரியாது, பீட்சாவில் இழுத்தால் நீளும், அதுதான் சீஸ். ஆனால் அந்தக் கவலைக்கு மருந்து ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி போட்டால் சைவம், பழுப்பு முக்கோணம் போட்டால் அசைவம். ஆட்டுக்கறியை, கோழியை, இறாலை அந்த முக்கோணத்தோடு விற்க விடுகிறோம். ரென்னெட் சீஸை மட்டும் ஏன் அப்படி விற்க விடக்கூடாது? இதற்கு நான் வேலை பார்த்த காலத்தில் எந்த அதிகாரியும் நேராகப் பதில் சொன்னதில்லை. மாட்டிறைச்சி எந்த உருவத்திலும் இறக்குமதி ஆகக்கூடாது என்று இறக்குமதிக் கொள்கையின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது, கன்றின் வயிறும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். அது என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குக் கீழே இன்னொரு காரணம் இருக்கிறது. அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, ஆனால் என்னைக் கேட்டால் அதுதான் பலமானது. உலகத்திலேயே அதிகமாகப் பால் கறக்கும் நாடு நாம். 2023-24இல் ஏறக்குறைய 23 கோடியே 90 லட்சம் டன். அதைக் கறப்பது பெரிய பண்ணைகள் இல்லை. ஏறக்குறைய 8 கோடி குடும்பங்கள், வீட்டுக்கு இரண்டு மாடு மூன்று மாடு. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் விடியற்காலையில் சொசைட்டி வாசலில் தூக்குப்பாத்திரத்தோடு நிற்கும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்கள்தான். நியூசிலாந்து, ஐரோப்பா மாதிரி இடங்களில் பால் மிஞ்சிப் போகும்போது அதைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் சீஸாகவும் அடித்து எங்கே தள்ளலாம் என்று பார்ப்பார்கள். இங்கே தள்ளினால் அந்த அம்மாவின் லிட்டர் விலை இறங்கும். அதனால்தான் 2019 நவம்பரில் ஆசிய பசிபிக் நாடுகளின் பெரிய வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா கடைசி நேரத்தில் விலகியபோது பால் ஒரு பெரிய காரணமாக இருந்தது. 2024இல் சுவிட்சர்லாந்து, நார்வே முதலிய நாலு நாடுகளோடு கையெழுத்துப் போட்டார்கள், பால் பொருள் வெளியே. 2025 ஜூலையில் பிரிட்டனோடு போட்டார்கள், அதிலும் வெளியே, விஸ்கிக்கு வரி இறங்கியது, செடார் சீஸுக்கு இறங்கவில்லை.

வரி எவ்வளவு என்று கேட்பீர்கள். பால் பவுடருக்கு 60 சதவீதம், வெண்ணெய்க்கு 40, சீஸுக்கு 30. ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள சீஸ் சென்னையில் இறங்கினால் சுங்க வரி 300, அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி 30, ஆக 1,330. இதன் மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் வரை 12 சதவீதம் இருந்தது, அப்போது 1,490 கிட்ட வரும். இப்போது 5 சதவீதம் என்பதால் 1,397 கிட்ட நிற்கும். இது வரி மட்டும்தான். குளிர் கிடங்கு, கிளியரிங், வண்டி, வியாபாரி லாபம், கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறி பாண்டியில் கண்ணாடி அலமாரிக்கு வரும்போது நீங்கள் விலைச் சீட்டைத் திருப்பி வைத்துவிட்டு நகர்வீர்கள்.

அமெரிக்காக்காரன் சான்றிதழில் இருக்கும் அந்தத் தீவன வாசகத்தை எதிர்த்து 2003இலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். எங்கள் மாட்டுக்கு என்ன தீவனம் போட்டோம் என்பதற்கும் பாலின் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது அவன் கேள்வி. 2019 ஜூனில் இந்தியாவுக்குக் கொடுத்திருந்த வரிச் சலுகையை அமெரிக்கா நிறுத்தியபோது அங்கே முறையிட்டவர்களில் பால் உற்பத்தியாளர்களும் இருந்தார்கள். நம் தரப்பு அசையவில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 30 சதவீத வரியோடு எனக்குச் சண்டை இல்லை. குறிஞ்சிப்பாடி அம்மாவைக் காப்பாற்ற வரி போடுவது நேர்மையான வழி, போடுகிறோம் என்று சொல்லியே போடுகிறோம். ரென்னெட் தடையோடுதான் சண்டை. கொம்த்தேயும் இத்தாலியின் பார்மிஜானோ சீஸும் எந்த ஏழை விவசாயியின் பாலோடும் போட்டி போடுவதில்லை. ஒரு பார்மிஜானோ சக்கரத்துக்கு 550 லிட்டர் பால் கிட்ட போகிறது, குறைந்தது 12 மாதம் அலமாரியில் படுத்துக் கிடக்கிறது, அதை வாங்குகிறவர் ஆவின் பாக்கெட்டை வேண்டாம் என்று வைத்துவிட்டு இதை எடுக்கிறவர் இல்லை. மலிவான, தொழிற்சாலை சீஸ்தான் போட்டிக்கு வரும். அது பெரும்பாலும் நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்வது, சான்றிதழில் அந்த வாசகத்தைச் சுலபமாக எழுதிவிடலாம், ஜம்மென்று உள்ளே வரும். ஆக, தடுக்க வேண்டியதை விட்டுவிட்டு தடுக்கத் தேவையில்லாததைத் தடுக்கிற சல்லடை இது. இதில் ஒரு வேடிக்கை, உலகத்தின் மிகப் பெரிய பால் கம்பெனியான பிரான்சின் லக்தாலிஸ் 2014இலேயே திருமலா பால் கம்பெனியை வாங்கி உள்ளே வந்துவிட்டது. பிரெஞ்சு சீஸ் வாசலில் நிற்கிறது, பிரெஞ்சு முதலாளி நம் தெரு பால் பூத்தில் இருக்கிறார்.

நுண்ணுயிர் ரென்னெட் என்றதும் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சையிலிருந்து எடுப்பது ஒரு வகை. கன்றின் கைமோசின் மரபணுவை நுண்ணுயிருக்குள் வைத்து, அச்சு அசல் அதே நொதியைத் தொட்டியில் நொதிக்க வைத்து எடுப்பது இன்னொரு வகை. இதற்கு அமெரிக்காவில் 1990லேயே அனுமதி கொடுத்தார்கள். சில வாரத்தில் சாப்பிட்டுவிடும் பிரீ மாதிரி சீஸில் எது போட்டது என்று நாக்கால் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது, தெரியும் என்கிறவரை நம்பவும் மாட்டேன். வித்தியாசம் வருவது மாதக்கணக்கில் பழுக்க வைக்கும் சீஸில். பூஞ்சை ரென்னெட் புரதத்தைக் கண்ட இடத்தில் வெட்டிக்கொண்டே போகும், நாள் ஆக ஆக ஒரு கசப்பு தலைகாட்டும். அதனால்தான் நீண்ட நாள் பழுக்கும் சீஸ்காரர்கள் கன்று ரென்னெட்டை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்கள்.

ஃபுவா க்ராவுக்கு இவ்வளவு நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. வாத்தையோ வாத்துக்கு அண்ணனான கூஸையோ பிடித்து, தொண்டைக்குள் குழாய் விட்டு, மக்காச்சோளத்தை வேண்டிய அளவுக்கு மேல் திணித்து, கல்லீரலை ஊத வைத்து எடுப்பது. பிரான்சில் 2006இல் அதைப் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்து என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இங்கே விலங்கு நல அமைப்புகள் கேட்டன, இயக்குநரகம் தடை போட்டது, உலகத்திலேயே இறக்குமதியை நிறுத்திய முதல் நாடு நாம்தான் என்று செய்தி வந்தது. அந்தத் தடையில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அது ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அதைச் சாப்பிடுகிறவர் நாடு முழுக்க ஒரு சில ஓட்டலில், எங்கள் ஊரில் ஒரு சில வீட்டில். அவருக்காக யார் கொடி பிடிப்பார்?

இதெல்லாம் இந்தியா மட்டும் செய்கிற அநியாயம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஸ்காட்லாந்தின் ஹாகிஸ், ஆட்டு ஈரல், இருதயம், நுரையீரல் போட்டுச் செய்வது, அதில் நுரையீரல் இருக்கிறது என்பதற்காக 1971இலிருந்து அமெரிக்காவுக்குள் போக முடிவதில்லை. ஐரோப்பாவே 2014 மே மாதம் நம் மாம்பழத்தை நிறுத்தியது, பழ ஈ இருந்ததாம். மாம்பழத்தோடு கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கின் இலையும் நின்றன. மாம்பழத்துக்கு உடனே இங்கிருந்தும் லண்டனிலிருந்தும் குரல் எழுந்து அடுத்த வருஷமே தடை நீங்கியது, பாகற்காய்க்கு அவ்வளவு ஆதரவாளர்கள் இல்லை, கூடுதல் காலம் காத்திருந்தது. பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் இருக்கிற நம்மவர்களைக் கேட்டால் அந்த நாட்களின் புடலங்காய் ஏக்கத்தைச் சொல்வார்கள்.

இப்போது உங்கள் அத்தையின் பெட்டி. நம் சுங்கப் படிவத்தில் இறைச்சி, மீன், பால் பொருள், கோழிப் பொருள் இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு உண்மையாகப் பதில் எழுத வேண்டும். கொம்த்தேயை மறைத்து எடுத்து வந்தவர்கள் உண்டு, மாட்டாமல் போனவர்களும் உண்டு, அதை நம்பி உங்கள் அத்தையை அனுப்ப நான் ஆள் இல்லை. பதினோரு மணி நேரம் பறந்து வந்த மனுஷியை, நடு ராத்திரியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ரென்னெட் பற்றி விளக்கச் சொல்வது பாவம். ஃபுவா க்ரா டின்னோ, பாட்டிலோ, எதுவும் வேண்டாம். அப்படியே சீஸ் மேல் ஆசை தீரவில்லை என்றால் பாண்டிக்கு ஒரு நடை வாருங்கள். ஆரோவில்லில் செய்கிற சீஸ் ஊருக்குள் கடைகளில் கிடைக்கும். கொஞ்சம் பழுத்த துண்டாகக் கேட்டு வாங்கி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்து, பேக்கரியில் அன்று சுட்ட பகெத்தோடு சாப்பிடுங்கள். கொம்த்தே ஆகாது. கொம்த்தேக்கு ஜூரா மலைப்புல் வேண்டும், பச்சைப் பால் வேண்டும், ரென்னெட் மட்டும் இருந்தால் போதாது. ஆனால் நம் வெயிலில் நம் பாலில் இவ்வளவு செய்திருக்கிறார்களே என்று தோன்றும்.

அத்தை திரும்பிப் போகும்போது நீங்கள் என்ன கொடுத்து அனுப்புவீர்கள் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். வீட்டு நெய், பால்கோவா எதையும் ஐரோப்பாவுக்குள் பெட்டியில் கொண்டு போகக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி பால் பொருளோ இறைச்சியோ எடுத்து வருவது அங்கே தடை. நம் மாடுகளுக்கு வருகிற கோமாரி நோய் அவர்களுக்குப் பெரிய பயம். பழம், காய் என்றால் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் போகக்கூடியவை ஐந்துதான்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியான். கறிவேப்பிலைக் கொத்து அதில் இல்லை, அத்தை கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் மீனுக்கு அவர்கள் தாராளம். சொந்தச் சாப்பாட்டுக்கு என்றால் உலர்த்தியது, பதப்படுத்தியது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20 கிலோ வரை விடுகிறார்கள். ஆகவே முதுநகர் துறைமுகம் பக்கம் போய் நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து இரண்டு கிலோ வாங்கி, மூன்று கவர் போட்டு இறுக்கிக் கட்டி, அத்தை பெட்டியில் துணிக்கு அடியில் வையுங்கள். சட்டப்படி சரியான சரக்கு, படிவத்தில் தைரியமாக எழுதலாம். வாசனைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.